நின்றவனுக்குப் பொன்னாடை

1979 ஜூன், ஞாயிறு இரவு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று குற்றாலத்தில் சாரலுக்கு நடுவே முப்பது ஓவர் ஆட்டம். நான்தான் அம்பயர். கடைசி ஓவரில் எங்கள் தென்காசி கிளப்புக்குப் பன்னிரண்டு ரன் வேண்டும். கிளப் செயலாளரின் மருமகன் ஆறு பந்தையும் குனிந்து தடுத்தான். எதிரணிச் சுரண்டைக்காரர்கள் ஜெயித்தார்கள். அவுட்டாகாமல் திரும்புகிறவனுக்குப் பொன்னாடை போர்த்துவது எங்கள் கிளப்பின் வழக்கம். தோற்ற இன்றும் போர்த்தினார்கள்.

“ஆட்டம் போச்சே அண்ணாச்சி” என்றேன் செயலாளரிடம்.

“போனா என்னவே? கடைசி வரைக்கும் நின்னாம்லா! உம்மைப் போல சிக்ஸர் அடிக்கப் போயி கேட்ச் குடுத்தானா?”

எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்து வருடத்துக்கு முந்திய கேட்ச் அது. அதற்காக என்னை அணியிலிருந்து தூக்கியவரும் இவர்தான்.

இங்கிலாந்தில் நம் தேசிய அணி ஒருநாள் ஆட்டங்களில் தோற்பதற்குக் குளிரும் ஈரத் தரையும் காரணம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஈரமாம்! விக்கெட்டைக் காப்பாற்றுகிறவனையே ஊர் ஊராகக் கொண்டாடி வளர்த்துவிட்டு, அங்கே போனதும் அடித்து ஆடு என்றால் எப்படி ஆடுவான்?

இதைப் பொன்னாடைக் கதையோடு பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடப் போனபோதுதான் நினைவு வந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் தாளாளரும் அதே செயலாளர்தான். பேனாவை மூடிவிட்டேன்.

உறையில் தென்காசி தபால் முத்திரை விழக் கூடாது. நாளை பாவூர்சத்திரம் போய், பெயரில்லாமலே தபாலில் சேர்த்துவிடுவேன். விக்கெட்டைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கும் தெரியும்.