கப்பல் நேரம்

அன்புள்ள அம்மா,

வெள்ளிக்கிழமை போனில் "நான் போகணும்" என்றுகூட உங்களிடம் சொல்லவில்லை. முழங்காலைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்க, நீங்கள் ஆரம்பித்த உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டேன். பயந்திருப்பீர்கள். நான் நலம்.

அன்று ஜமைக்காவில், ஃபால்மத் துறைமுகத்தில் நின்றிருந்தோம். பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்து முடித்ததும் கரையிறங்கி, துறைமுகத்துக்கு வெளியே கோழி சுட்டு விற்கும் ஒரு அக்காவின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் உங்களைக் கூப்பிட்டேன். நாலரைக்குள் கப்பல் ஏற வேண்டும். போனில் மூன்று இருபதுதான். கப்பல் கடிகாரத்தை எந்தத் தீவுக்காகவும் மாற்றுவதில்லை. போனோ கரையில் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போயிருந்தது. எட்டு மாதமாகக் கப்பலில் இருக்கும் நானே இதை மறந்துவிட்டேன்.

"ஏய் சின்னத் தீவுக்காரி, உன் ஆளுங்க எல்லாம் ஏறியாச்சு. நீ என்ன, இங்கயே கோழி சுட உட்காரப் போறியா?" என்றார் அக்கா. நம் தீவு ஜமைக்காவைவிடச் சின்னது என்று என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குக்கா."

"அது ஜமைக்காவுக்குடி. உன் கப்பலுக்கு இல்ல. ஓடு!"

ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது. சிரிக்காதீர்கள்.

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஆபரேஷன் என்றாலும் மறைக்க வேண்டாம். தம்பியை எழுதச் சொல்லாதீர்கள், உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் ஜெருஷா

பின்குறிப்பு: ஆறு நிமிடம் தாமதமாக ஏறினேன். வேலை போகவில்லை. ஆறு வாரத்துக்கு எந்தத் துறைமுகத்திலும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதுவரை கரையிலிருந்து உங்களுக்குப் போன் செய்ய முடியாது. இந்தக் கடிதத்தை என் அறைத்தோழி கரையில் தபாலில் போடுவாள்.