புதன்கிழமைத் தச்சு வகுப்பு

அக்கா,

இன்று காலை கத்தரிக்காய் நறுக்கும்போது அரிவாள்மணையில் விரல் அறுபட்டுவிட்டது. பெரிய காயமில்லை. டிங்சர் புட்டியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. நீங்கள் இருந்தபோதே நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. ஐந்து வருஷமாக எழுதவில்லை.

சாந்தோம் பள்ளிக்கூடத்தில் நீங்கள் தையல் டீச்சர், நான் கணக்கு டீச்சர். யுத்த காலம். தச்சர்களெல்லாம் மிலிட்டரி வேலைக்குப் போய்விட, உடைந்த பெஞ்சுகள் உடைந்தபடியே கிடந்தன. தலைமையாசிரியை மதரிடம் நீங்கள் போய், "பெஞ்சை நம்ம பொண்ணுங்களே செய்யட்டும் மதர், நான் சொல்லித் தரேன்" என்று கேட்டதை ஆசிரியைகள் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நீங்கள் ஒரு தச்சரின் மகள், பட்டறையில் வளர்ந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்பக்கக் கொட்டகையைக் கொடுத்தார்கள். புதன்கிழமை மத்தியானம், ஏழாம் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேர். உங்கள் அப்பாவின் ரம்பமும் இழைப்புளியும் உளிகளும் ஒரு சாக்குப்பையில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கின. முதல் நாள் பலகையை எதிர்ப்பக்கமாக இழைத்து, மரம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்ததும், "மரம் சரியில்லை டீச்சர்" என்றார்கள். "மரத்து மேல தப்பில்லடி. திருப்பிப் போட்டு இழைங்க" என்றீர்கள். அவர்கள் செய்த முதல் பெஞ்சு ஊஞ்சல் மாதிரி ஆடியது. "ஆடுற பெஞ்சில செஞ்சவளேதான் உட்காரணும்" என்று சொல்லி, ஒரு மாதம் அவர்களையே அதில் உட்கார வைத்தீர்கள். அடுத்த பெஞ்சு ஆடவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி பிலோமி, குப்பத்துப் பெண். கணக்கில் பத்துக்கு இரண்டு வாங்குவாள். மூன்றில் ஒரு பங்கு என்று நான் கரும்பலகையில் எழுதினால் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பாள். ஒரு புதன்கிழமை எதேச்சையாகக் கொட்டகைப் பக்கம் வந்தேன். பலகையின் நீளத்துக்கு ஒரு நூலை அறுத்து, அதை மூன்றாக மடித்து, இரண்டு இடத்தில் கோடு போட்டு, மூன்று துண்டுகளையும் சமமாக அறுத்து வைத்திருந்தாள். நீங்கள் என் பக்கத்தில் வந்து, "உன் கணக்குதான். உன் வகுப்புல அது அவளுக்குக் கண்ணுல படல" என்றீர்கள். கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அன்று முதல் ஒவ்வொரு புதன்கிழமையும் நானும் வந்தேன்.

அந்த நாளும் ஒரு புதன்கிழமைதான். மதர் உங்களைக் கூப்பிட்டனுப்பினார். "நான் வர்ற வரைக்கும் யாரும் உளியத் தொட வேணாம்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தபால்காரர் கொட்டகைக்கு எதிரே பின்வாசல் கேட்டருகே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பர்மா எல்லையில் இருந்த என் தம்பியிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. ஓடினேன். வேறு யாரோ எழுதிய கடிதம். காலில் குண்டு பட்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்றிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் கொட்டகையிலிருந்து அலறல் கேட்டது.

பெஞ்சின் காலைப் பொருத்தும் துளையின் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தாள் பிலோமி. உளி வழுக்கி, மரத்தைப் பிடித்திருந்த இடது கையில் சுட்டுவிரலின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. நீங்கள் ஓடி வந்து டிங்சரை ஊற்றி, முந்தானையைக் கிழித்துக் கட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினீர்கள். நான் தரையில் ரத்தத்தின் மேல் இழைப்புச் சுருளை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மதர் நம் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். "கொட்டகையில யார் இருந்தது?"

"பொறுப்பு என்னுது மதர். நான் இருந்திருக்கணும்" என்றீர்கள்.

அது பொய்யும் இல்லை. மதர் மேற்கொண்டு கேட்கவில்லை. என் வேலை அந்த வருஷம் இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் அந்த வேலைதான் சோறு. அது உங்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

மறுநாள் பிலோமியின் அம்மா சவேரியம்மாள் மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். சண்டை வரும் என்று எல்லோரும் நடுங்கினோம்.

"வகுப்ப மூடப் போறீங்களாமே, மெய்யா? எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு விரல் கெடையாது மதர். தெனம் கடலுக்குப் போய்க்கினுதான் கீறாரு. எம் பொண்ணு விரலுக்கு அழுவல. பெஞ்ச முடிக்க உடுவாங்களான்னு கேட்டு அழுவுது."

மதர் அசையவில்லை. கொட்டகையைப் பூட்டினார்கள். நீங்கள் மறுபடி ஊசியும் நூலும் எடுத்தீர்கள். அடுத்த ஜூனில் மாற்றல் கேட்டு நாகப்பட்டினம் போனீர்கள். போகிற நாள்கூட என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உடம்பப் பார்த்துக்கோ. தம்பி வந்ததும் எழுது" என்றீர்கள். தம்பி வந்தான். நான் எழுதவில்லை. அவன் வந்ததை எழுதினால் மற்றதையும் எழுத வேண்டியிருக்கும்.

காய்ச்சலில் நீங்கள் போய்விட்டதாகத் தவக்காலத்தில் செய்தி வந்தது. உங்களுக்காக ஒப்புக்கொடுத்த பூசையில் கடைசி வரிசையில் ஒரு பெண் முழந்தாளிட்டிருந்தாள். கூப்பிய கையில் ஒரு விரல் குட்டையாக இருந்தது. பூசை முடிந்ததும் பிலோமியோடு கடற்கரை வரை நடந்தேன். பதினேழு வயதாகிவிட்டது. அம்மாவோடு மீன் விற்கிறாளாம். அண்ணன்களுக்குத் துடுப்புச் செதுக்கிக் கொடுப்பதும் அவள்தானாம். மணலில் நிறுத்தி, "அன்னிக்கு உன்னைப் பார்த்துக்க வேண்டியவ நான். விட்டுட்டுப் போனதும் நான்தான்" என்றேன்.

"தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"நீங்க கேட்டாண்ட நின்னுகினு அழுதீங்க. டீச்சர் எதுக்கு அழுவுறாங்கன்னு உங்களையே பார்த்துகினு இருந்தேன். கையில உளி இருந்தத மறந்துட்டேன். ரிக்‌ஷாவுல ஆஸ்பத்திரிக்குப் போவச்சொல்ல தையல் டீச்சராண்ட சொன்னேன். 'அவங்க அழுதத யாராண்டயும் சொல்லாத பிலோமி'ன்னாங்க."

"உங்க அம்மாகிட்ட?"

"ஊஹூம். சொல்லாதன்னு சொல்லிட்டாங்களே."

பன்னிரண்டு வயதுக் குழந்தை அக்கா. விரலையும் இழந்து, என்னையும் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறது. நான் கணக்கு சொல்லிக் கொடுத்த குழந்தை.

மறுநாள் மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ இருக்கறப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். கொட்டகையைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார். அடுத்த வாரம் மறுபடி கேட்டேன். கணக்குப் பாடவேளையில், வராந்தாவில், ஒரு ரம்பம் மட்டும், உளி கூடாது என்றார். சரி என்றேன்.

ஆறு பெண்கள் வருகிறார்கள். மரத்தைப் பற்றி நீங்கள் அறிந்ததில் காலே அரைக்கால்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் முகத்தை நான் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒருத்தி பாதிப் பலகையில் ரம்பம் மாட்டிக்கொண்டதும் பயந்துபோய், "இப்ப என்ன டீச்சர் செய்யறது?" என்றாள்.

"எனக்கும் தெரியலம்மா. மெதுவா வெளிய எடு. திரும்ப ஆரம்பி. நான் இங்கதான் நிக்கிறேன்."