பொன்னுத்தாய் கேட்ட இரண்டாம் பாகம்

இன்று காலை மதுரையிலிருந்து வந்த புத்தகக் கட்டைப் பிரித்தேன். புதுத் தாளும் பசையும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியதும் கை ஓடவில்லை. நீ இருந்திருந்தால் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போயிருப்பாய்; மிச்சத்தை அடுக்குகிற வேலை என் தலையில் விழுந்திருக்கும். இன்றும் என் தலையில்தான் விழுந்தது.

நாம் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தப் பெண்கள் பள்ளிக்கு வேலைக்கு வந்தபோது நூலக அலமாரியில் என்ன இருந்தது? நல்லொழுக்கப் போதனைகள், பக்திமான்களின் சரித்திரங்கள். கரையான்கூட அவற்றைத் தீண்டவில்லை. நீ வகுப்பில் போய், "ஏட்டி, உங்களுக்கு என்ன புத்தகம் வேணும்? பயப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டாய். கடைசி வரிசையிலிருந்து பொன்னுத்தாய்தான், "திருடன் கதை, டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை முகத்தைச் சுளித்தார். நீ அந்தச் சனிக்கிழமையே மதுரைக்கு ரயிலேறினாய்.

துப்பறியும் கதைகளும் பேய்க் கதைகளும் வந்து இறங்கியபின், மணியடித்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பாகமாக வந்த ஒரு கதைக்கு ஏகப்பட்ட போட்டி. ஒருத்தி திருப்பித் தந்தால்தான் அடுத்தவளுக்குக் கிடைக்கும்.

அந்தப் பங்குனியில் மடவார் வளாகத்தில் வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகியிருந்தார்கள். பெரியம்மை. பொன்னுத்தாய்க்கும் வந்தது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அம்மை கண்ட வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் அவள் அம்மா முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"ஒரே நச்சரிப்பு, டீச்சர். அடுத்த பிள்ள காத்துக்கிட்டு இருக்கும், குடுத்துட்டு வான்னு சொல்லுதா. ரெண்டாம் பாகத்தையும் கேக்கா. சாமி குத்தம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கா."

நான் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நீ அதைக் கையில் வாங்கிவிட்டாய். பக்கங்களுக்கு நடுவே வேப்பங்கொழுந்து கிடந்தது. கையில் ஏன் வாங்கினாய் என்று நான் கத்தினேன்.

"அந்தக் காச்சல்லயும் அடுத்தவள நினைச்சிருக்கா. கீழ வையின்னு எப்படிட்டி சொல்ல?" என்றாய்.

இரண்டாம் பாகத்தைக் கொடுத்தனுப்பினாய். வந்ததை அலமாரியில் வைக்காமல், பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாதென்று துணியில் சுற்றி உன் கட்டிலடியில் வைத்தாய். அவ்வளவு யோசித்த நீ உன்னைப் பற்றி யோசிக்கவில்லை. அதில் எனக்கு இன்றும் உன்மேல் கோபம்தான்.

மாதம் முடிவதற்குள் படுத்துவிட்டாய். சிறுவயதிலேயே அம்மை வந்துபோன என்னை மட்டும் உன்னருகே விட்டார்கள். வாழையிலையில் கிடந்தாய். உன் முகம் உன் முகமாக இல்லை. தண்ணீர் கேட்டாய், விழுங்க முடியவில்லை. கடைசியாக, "அந்தப் பிள்ள பிழைச்சிருவாளா?" என்று கேட்டாய். பிழைத்துவிட்டாள் என்றேன். அது உண்மை. உன் உடலை உன் ஊரான ராஜபாளையத்துக்குக் கொண்டுபோக விடவில்லை. உன் அம்மா அங்கிருந்து வந்து சேர்ந்தபோது குழியை மூடியாகிவிட்டது.

கதைப் புத்தகம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று நிர்வாகத்தார், நீ வாங்கியவற்றையெல்லாம் பள்ளிக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். நல்லொழுக்கப் போதனைகள் தப்பித்தன.

பொன்னுத்தாய் முகமெல்லாம் தழும்போடு திரும்பி வந்தாள். எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. பாடப் புத்தகத்தைக்கூடப் பக்கத்திலிருப்பவள்தான் புரட்டிக் காட்ட வேண்டும். ஒருநாள் எல்லோரும் போனபின் தயங்கி நின்றாள்.

"டீச்சர், நான் குடுத்துவிட்ட பொஸ்தகத்தாலதான் அவிய செத்தாவளா?"

"இல்லட்டி. ஊரெல்லாம் அம்மை இருந்துச்சு. புத்தகத்துல ஒட்டிக்கிட்டு வராது" என்றேன். அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

"அப்போ ஏன் டீச்சர் எரிச்சாவ?"

அந்தக் கேள்விக்காகத்தான், மறுபடியும் கதைப் புத்தகம் வாங்க வேண்டுமென்று இத்தனை காலம் நிர்வாகத்தாரிடம் மல்லுக்கு நின்றேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், வேலையை விடுகிறேன் என்று மிரட்டினேன். கடைசியில் சம்மதித்தார்கள். இன்று சாயங்காலம் அவளை அழைத்து, புதிதாக வந்ததில் ஒரு திருடன் கதையை நீட்டினேன். இரண்டு கையையும் பாவாடையில் துடைத்தாள். பிறகு வாங்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தாள்.

புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு வராது என்று நான் அவளிடம் சொன்னது பொய்யென்று உனக்குத் தெரியும். இந்த அலமாரி காலியானால் அவள் மறுபடியும் அந்தக் கேள்வியையே கேட்பாள். நான் இருக்கும்வரை காலியாக விடமாட்டேன்.