டேப்புக்கு ஒல்லி, எடை மெஷினுக்குக் குண்டு

மார்ச் 3, திங்கள்

டேப் இன்றும் ஏமாந்தது. கட்டிங் மாஸ்டர் என் மார்பு, இடுப்பு, பின்பக்கச் சீட் மூன்றையும் அளந்துவிட்டு, "அப்படியே இருக்கியேம்மா, அச்சுல வார்த்த மாதிரி" என்றார். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் கம்பெனியில் எந்த மாடல் தைத்தாலும் முதல் சாம்பிளை எனக்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். அளவு அட்டவணையில் 'மீடியம்' என்று இருப்பது என் உடம்பு. அதனால் எல்லோருக்கும் நான் மீடியம்தான். "மீடியம் வந்தாச்சா?" "மீடியத்தை மேல வரச் சொல்லு." அரை இஞ்ச் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் போனால் வேறு மீடியம் பார்ப்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவள் உண்டானதும், "பிரசவம் முடிஞ்சு வா, உன் இடம் எங்க போகுது" என்று அனுப்பினார்கள். வந்தாள். ஆனால் லார்ஜாக வந்தாள். அவள் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது நாலாவது மாதம். வீட்டுக்காரருக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்குத் தெரியும். கம்பெனியில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

மார்ச் 8, சனி

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வாந்தி நின்னுடுச்சுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏம்மா எடை இறங்குது?"

பசிக்கவில்லை என்று புளுகினேன். பசி என்னைக் கொன்று தின்கிறது. கம்பெனிக் கழிவறையில் கையைக் கழுவும்போது சோப்பின் வாசனைக்குக்கூட நாக்கில் எச்சில் ஊறுகிறது!

வீட்டுக்காரர் இடையில் புகுந்து, "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேன் மேடம்" என்றார். டாக்டரம்மா சிரித்தார். "ரெண்டு பேருக்கெல்லாம் வேணாம். ஒருத்தருக்கு ஒழுங்கா சாப்பிட்டா போதும். முட்டை, பருப்பு, பால், பழம். வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா ஏறணும். ஒரேயடியா ஏறினாலும் திட்டுவேன், ஏறாட்டியும் திட்டுவேன்."

ஒருத்தருக்கு. அந்த ஒருத்தருக்கே வழியில்லை.

மார்ச் 13, வியாழன்

புதுப் பேன்ட்டின் ஃபிட்டிங். மேனேஜர் மேடம் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "தொடையில லூசா தொங்குதே மாஸ்டர்." மாஸ்டர் இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்தினார். "அளவுப்படிதான் வெட்டினேன். சரி, குறைச்சிடலாம்."

"இடுப்பு எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு மேடம்."

"உட்காரு. இழுக்குதா?"

"இல்ல மேடம்."

எங்கே இழுக்கிறது, எங்கே உறுத்துகிறது என்று சொல்வதுதான் என் வேலை. தையல் லைனில் இருந்த காலத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த மாடி அறையில் நான் "கக்கத்தில் பிடிக்குது" என்று சொன்னால் பேட்டர்னையே மாற்றுகிறார்கள். இதை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? அதற்காக இப்படியா? வயிற்றில் இருப்பது என்ன பாவம் செய்தது?

மார்ச் 14, வெள்ளி

இரண்டு முட்டை சாப்பிட்டேன். கையைக் கழுவின ஈரத்தோடு டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பார்த்தேன். பைத்தியம்.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். எதைப் பேசினாலும் லிஃப்டில் போய்த்தான் நிற்பார். இன்று வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, "லிஃப்ட்ல ஒரு ஆள் கூடினாலே பெல் அடிக்கும். உனக்கு ஆள் கூடி நாலு மாசம் ஆச்சு, ஒரு சத்தத்தையும் காணோமே" என்றார்.

சிரித்தேன். அவர் குளிக்கப் போனதும் பழத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். நாளை திங்கட்கிழமை. டேப்.

ஏப்ரல் 5, சனி

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன். வீட்டுக்காரருடைய பெரிய ஸ்பேனரைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு எடை மெஷினில் ஏறினேன். நர்ஸ், "கைப்பையை இறக்கி வைங்க" என்றார். இறக்கி வைத்தேன். ஸ்பேனர் என்னோடுதான் இருந்தது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "பரவால்லையே, ஏறுது!"

டேப்புக்கு ஒல்லி, எடை மெஷினுக்குக் குண்டு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

உள்ளே ஏதோ சிறகடித்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடியும் அடித்தது. வாயு இல்லை.

ஏப்ரல் 19, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை டாக்டரம்மா எடையோடு விடவில்லை. படுக்கச் சொல்லிவிட்டு, வயிற்றை அளக்க டேப்பை எடுத்தார். டேப்பைக் கண்டதுமே என் வயிறு தானாக உள்ளே போய்விட்டது. நான் இழுக்கவில்லை. அதுவே போனது. மூச்சும் நின்றது.

"மூச்சை விடும்மா."

விட வரவில்லை. எத்தனை மாதப் பழக்கம்!

"என்னம்மா, யாருக்குப் பயப்படறீங்க? இங்க வயிறு பெருசா இருந்தாத்தான் எனக்குச் சந்தோஷம். விடுங்க."

விட்டேன். கூடவே அழுகையும் வந்துவிட்டது. எழுந்து உட்காரப் போன நேரத்தில் ஸ்பேனர் பாக்கெட்டிலிருந்து நழுவி, தரையில் டணார் என்று விழுந்தது. டாக்டரம்மா குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு? ரெட்டைக் குழந்தையா?"

பிறகு அவர் சிரிக்கவில்லை. குழந்தை கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், இப்போதிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் தேற்றிக்கொள்ளலாம் என்றார். "உங்களைத் திட்டல. ஆனா என்னை ஏமாத்தினா நான் யாருக்கு வைத்தியம் பார்க்கறது?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். "அட, ரெண்டு வாரமா இதைத்தானே தேடிட்டிருக்கேன்!" சொல்லும்போதே விஷயம் புரிந்துவிட்டது. முகம் செத்துவிட்டது. வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 21, திங்கள்

ஸ்கேன் எடுத்துவிட்டேன். குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை. எடை மட்டும்தான் கம்மி. குறை என்னிடம்.

மதியம் டேப். இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மாஸ்டர் டேப்பை உருவினார். நானும் மூச்சை இழுத்தேன். ச்சீ, என்ன ஜென்மம் நான்!

ஏப்ரல் 24, வியாழன்

முதல் லாட் பேன்ட் தைத்து மேலே வந்தது. மேடமும் மீடியம்தான். ஆசையாக ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தவர் நாற்காலியில் பாதி உட்கார்ந்தார். அதற்குமேல் முடியவில்லை. தொடை அப்படிப் பிடித்துக்கொண்டது. கணக்குப் பார்க்கிற பெண்ணும் மீடியம், அவளைப் போடச் சொன்னார்கள். அவளுக்கு முட்டிக்கு மேல் ஏறவே இல்லை. எனக்குப் போட்டார்கள். கச்சிதமாக இருந்தது.

மேடம் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "என்ன மாஸ்டர் பேட்டர்ன் இது? கண்ணை மூடிட்டு வெட்டினீங்களா? இவ ஒருத்திக்குத் தைக்கவா ஆர்டர் எடுத்தோம்?"

மாஸ்டர் டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றார். என் அப்பா வயது அவருக்கு. என்னால் தாங்க முடியவில்லை.

"மாஸ்டர், என்னை அளங்க. தொடையை அளங்க."

தொடையை யாரும் வாராவாரம் அளப்பதில்லை. அளந்தார். இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. அவர் நம்பாமல் மறுபடி அளந்தார்.

"இப்ப இடுப்பை."

டேப்பைச் சுற்றிப் பிடித்தார். நான் மூச்சை விட்டேன். முழுசாக, மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து விட்டேன். டேப் அவர் விரல் நடுவே வழுக்கிக்கொண்டு நீண்டது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"அம்மாடி... எத்தனை மாசம்?"

"அஞ்சு முடியப்போகுது மாஸ்டர்."

மேடம் நாற்காலியில் உட்காரப் பார்த்தார். பேன்ட் விடவில்லை. நின்றுகொண்டே, "எங்கே இழுக்குதுன்னு கேட்டேன்ல உன்னை? வாராவாரம் கேட்டேன்ல?" என்றார். கோபம்தான். ஆனால் குரல் கோபமாக வரவில்லை.

வயிறு வளர்ந்திருக்கிறது. அதற்கு வேண்டியதை என் தொடையிலிருந்து, கையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் கொடுக்காததை அதுவே எடுத்துக்கொண்டது. அதுவும் போதவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மாடி அறைக்கு இனி வர வேண்டாம். கீழே செக்கிங் டேபிள். தைத்த துணியில் பிசிறு வெட்டுவது, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது. வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம். சொன்னேன். கழிவறையில் போய் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பாட்டு டப்பாவை முழுசாகக் காலி செய்தேன்.

மே 10, சனி

எடை மெஷினில் ஏறும் முன் டாக்டரம்மா கையை நீட்டினார். "ஆயுதம் ஏதாவது?" பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினேன். ஏறியிருக்கிறது. முள் வலப்பக்கம் நகர்ந்ததைப் பார்த்ததும் உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது. இந்தப் பயம் சீக்கிரம் போகாது போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

குழந்தை அளவுக்கு வந்துவிட்டது என்கிறார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் நான் நடக்கும்போதெல்லாம் வாயால் லிஃப்ட் பெல் அடிக்கிறார். அடி வாங்கப் போகிறார்.

மாடிக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை நீட்டினேன். "வேணாங்க்கா, இன்னைக்கு ஃபிட்டிங் இருக்கு" என்றாள். அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் முட்டையை வைத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாடிப்படியிலிருந்து யாரோ, "மீடியம்! மீடியம் எங்கப்பா?" என்று கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்து ஓடினாள். முட்டை டேபிளிலேயே இருந்தது. எனக்கும் தலை ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பத்தான் பார்த்தது. திரும்பவில்லை. வாயில் சாப்பாடு இருந்தது.