தலைவர் படத்துக்குக் கீழே போளூர் விலை

இந்தப் பக்கத்துக்குத் தவறி வந்துவிட்டவர் யாராக இருந்தாலும், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். இது என் அண்ணாவுக்கு எழுதுவது. அவன் இப்போது இல்லை.

என் அன்பு அண்ணா,

நீ செய்த வெப்சைட்டிலேயே, எங்கிருந்தும் லிங்க் வைக்காத ஒரு பக்கத்தைத் திறந்து இதை எழுதுகிறேன். போர்வைக்குள் உன் போன். அப்பாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

புளி வியாபாரிகள் சங்கத்துப் பெரிய மனிதர்கள் மாறவே இல்லை. நீ நம் மலையிலிருந்து போளூருக்கு இறங்கும் வளைவில் பைக்கோடு விழுந்து போனதும், தலைவர் உனக்கு இரங்கல் பேனர் வைத்தார். ஓரத்தில் உன் படம் சின்னதாக, அதைப் பார்த்துக் கும்பிடும் அவர் படம் பெரிதாக. செத்தது யார் என்று வெளியூர்க்காரன் குழம்பியிருப்பான்.

சங்கத்துக்கு நீ செய்து கொடுத்த வெப்சைட்டும் அவருக்கு ஒரு பேனர்தானே? திறப்பு விழாவில் உன் லேப்டாப்புக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டினாரே, சார்ஜர் ஒயரையும் சேர்த்து! அப்புறம் உறுப்பினர் படங்களில் யார் முதலில் என்று அடித்துக்கொண்டார்கள். திறக்கும்போதெல்லாம் வரிசை மாறும்படி நீ வைத்தாய். அதற்கும் தலைவர் போன் செய்தார்.

"காலைல மேல இருந்தேன், துன்னுட்டு வர்றதுக்குள்ள கீழ கீறேன். எவன்டா என்னை எறக்குனது?"

நீ சிரிக்காமல், "மறுபடி தொறந்து பாருங்க தலைவரே" என்றாய். அன்று முழுக்கத் திறந்து திறந்து பார்த்தாராம். கடைசியில் அவர் படத்தை மட்டும் எல்லாப் பக்கத்தின் உச்சியிலும் ஒட்டச் சொன்னார், கும்பிட்ட கையோடு.

'இன்றைய போளூர் விலை' என்று நீ ஒரு பக்கம் வைத்தபோது ஒருவரும் முனகவில்லை. சென்னைக்காரர்கள் பார்ப்பதற்கு என்று நினைத்துக்கொண்டார்கள். மலையில் இருப்பவன் போனைத் திறப்பான், திறந்தால் படிப்பான் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நம்மை எவ்வளவு லேசாக எடை போட்டிருக்கிறார்கள், பார்த்தாயா?

நீ போன பிறகு விலையை நான்தான் போடுகிறேன். போளூர் மண்டியில் இருக்கும் உன் சிநேகிதர் பாபு அண்ணா, இன்னும் உன் நம்பருக்கே சாயங்காலம் விலையை அனுப்புகிறார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் இது தெரியும் என்று நினைத்திருந்தேன். சங்கத்தில் சிலர், கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொள்கிறது என்று நம்பினார்கள். அவர்கள் அறிவுக்கு அது போதும்.

போன வாரம் நெல்லிவாசலில் இருந்து நம் மாமா புளி மூட்டையோடு ஜீப்பில் வந்தார். தலைவர் வழக்கம்போல மூட்டைக்குள் கையை விட்டு, மோந்து, முகத்தைச் சுளித்தார். "ஈரமா கீதுய்யா. போளூர்லயே வெல வுழுந்துட்ச்சி" என்று பாதி விலை சொன்னார். மாமா போனை நீட்டினார்.

"இன்னாங்க தலைவரே, மேல கும்புட்டுக்கினு கீழ வேற வெல போட்டுக்கீறீங்க?"

"அது பழசுய்யா."

"இன்னிக்கித் தேதி கீதுங்களே."

நானும் அப்பாவும் அங்கேதான் நின்றோம். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தன் படத்துக்குக் கீழே இருப்பதைப் பொய் என்று அவர் எப்படிச் சொல்வார்? போட்டிருந்த விலையையே கொடுத்தார்.

அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது, அண்ணா. இன்று சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தார். "செத்தவனா வந்து டெய்லி வெல போட்டுட்டுப் போறான்? வெப்சைட்டு அவன் போன்லதான கீது. எடு அதை" என்றார். போனைப் பிடுங்கினால் வெப்சைட் நின்றுவிடும் என்கிறது அந்த மூளை. இதற்கு ரிப்பன் வெட்டியது அந்தக் கைதான்.

போன் எங்கே என்று தெரியவில்லை என அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தேடி வை, ராத்திரியே ஆள் அனுப்புறேன். இல்லன்னா உன் புளிய இந்த மலையில எவனும் தொட மாட்டான். பொண்ணு படிச்சதும் போதும்." இவ்வளவும் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் போனார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்தெல்லாம் மாறி மாறி விழுகிறது. ஒருவரை இவ்வளவு கேவலமாக நினைத்துக்கொண்டே இவ்வளவு பயப்பட முடியுமா? நீ பயந்திருக்கிறாயா? ஒருநாளும் சொன்னதில்லையே. நம் புளி முழுக்க இன்னும் வீட்டுக்குள்தான் கிடக்கிறது. அது விற்றால்தான் எனக்குப் பள்ளிக்கூடம்.

போனைக் கொடுத்துவிடலாம், பாஸ்வேர்டையும் சொல்லிவிடலாம் என்றுதான் படுத்தேன். விளக்கை அணைக்க வந்த அப்பா என் பக்கம் திரும்பாமலே, "பாபுகிட்டருந்து வெல வந்துட்ச்சாம்மா?" என்றார். எத்தனை நாளாகத் தெரியும் அவருக்கு? "வந்துட்ச்சிப்பா" என்றேன். "போட்டுட்டுப் படு" என்றார்.

போட்டுவிட்டேன். பாஸ்வேர்டு என் தலைக்குள் இருக்கிறது. இனிமேல் விலையை அம்மா நம்பருக்கு அனுப்பச் சொல்லி பாபு அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். இந்தப் போன் போனாலும் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் இருந்து போடுவேன். சீசன் முடியும்வரை அந்தக் கும்பிட்ட கைக்குக் கீழே உண்மையான விலைதான் இருக்கும். உன் மேல் சத்தியம், அண்ணா.

கதவைத் தட்டுகிறார்கள்.

உன் தங்கச்சி