தூணில்லாத மண்டபம்

1987 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

சுவிஸின் ஊஸ்டர் நகரில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த மதுச்சாலையை இன்று துப்புரவாக்கினோம். மாடியில் பெரிய நடன மண்டபம். ஒரு தூண்கூட இல்லை, கூரை மரங்களே எல்லாவற்றையும் தாங்குகின்றன. மழை ஒழுகித் தரைப்பலகை உக்கிவிட்டது. உள்ளே போகவேண்டாம் என்று முதலாளி காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

என்னோடு வேலை செய்யும் சிவம் ஊரில் மேசன். வாசலில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, பொம்பிளை பாக்க வந்த மாதிரி நிக்கிறாய்? உள்ள போய் ஒரு ஆட்டம் போடு பாப்பம்!" என்றேன்.

"விழுந்தா நீங்கள்தான் தூக்கவேணும் அண்ணை," என்று சிரித்தபடி போனான். இரண்டாவது அடியில் பலகை உடைந்து, கால் முறிந்தது.

யார் போகச் சொன்னது என்று முதலாளி கத்தினார். சிவத்துக்கு ஜெர்மன் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். "நான் மறித்தேன், அவனாகத்தான் போனான்," என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவன் நோவோடு, "யா, யா" என்று தலையாட்டினான்.

அவன் இனி வேலைக்கு வரவேண்டாமாம். ஆஸ்பத்திரியில் அதையும் நானே அவனுக்குச் சொன்னேன். சிவம் என் கையைப் பிடித்தான்.

"பரவாயில்லை அண்ணை. நீங்கள் எனக்காக எவ்வளவு கதைச்சனீங்கள்."