ஒரே படம், நாப்பது கொயினா மாத்திரை

சிகாமட்
செப்டம்பர் 1943

என் ராசா வாலண்டைனுக்கு அம்மா செசிலியா எழுதுறது. நானும் உன் தங்கச்சி டொரத்தியும் மாதா கிருபையில மரவள்ளிக்கிழங்க தின்னுக்கிட்டு ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், சயாம்ல நீயும் அப்படியே இருக்கணும்னு தெனமும் ஜெபமால சொல்றோம். நீ ரயில்ரோட்டு வேலைக்குப் போயி அஞ்சு மாசம் ஆச்சுடா. அங்க ஆளுங்க மலேரியாவுல விழறாங்க, கொயினா இருந்தா பொழச்சிக்கலாம்னு அங்கேருந்து லீவுல வந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மணியம் மாமா சொன்னாரு. அன்னையிலேருந்து எனக்கு ஒரு வாய் எறங்கல. இங்க எந்தக் கடையிலயும் ஒரு மாத்திர இல்ல.

இப்ப நான் சொல்றத கேட்டா நீ சிரிப்ப. உங்கம்மா எடுத்த படம் ஜொகூர் பாருல செவுத்துல தொங்குச்சுடா! கெமரா பெட்டியில இருந்த தாளப் பாத்து தானா கத்துக்கிட்டவ படம்! போன டிசம்பர் வெள்ளத்துல சைக்கிள தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நின்னு சிரிச்சியே, அந்தப் படம்தான். வீட்டு ஆல்பம் அந்தத் தண்ணியிலயே ஊறிப் போச்சே, உன் மொகம்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அங்க பிரேம் கடை வச்சிருக்கிற சீன மொதலாளி தவுக்கே நல்ல படமா பாத்து பெரிய ஆளுங்களுக்கு விக்கிறாருன்னு கேள்விப்பட்டு, ஸ்டூடியோக்காரங்க மாதிரி ஒரு டஜன் பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு ஓடினேன். அலமாக், அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. கல்யாணப் படம்தாம்மா டஜன்ல போவும், நீ என்ன கூய் பலகாரமா விக்க வந்த, இது எத்தனைக்கு எத்தன கொறச்சலோ அத்தனைக்கு அத்தன வெல லான்னாரு. ஒண்ண மட்டும் எடுத்து பிரேம் போட்டு, வெள்ளச் செவுத்துல தனியா மாட்டினாரு. பக்கத்துல வேற படம் கெடையாது, வெலச்சீட்டும் கெடையாது. கேட்டவங்களுக்கெல்லாம் இன்னும் விக்கிற நெனப்பு இல்லன்னு சொல்லி அனுப்பினாரு, அதுவும் யாவாரமாம்! நானும் ஒரு மூலையில நின்னு பாத்தேன். வர்றவன் போறவன் எல்லாம் உன் முன்னால நிக்கிறான்டா, எனக்கு கத்தணும் போல இருந்துச்சு.

மூணு தடவ வந்து பாத்தவரு ஒரு ஜப்பான் டாக்டர். வாழமரம் போட்ட ஜப்பான் நோட்டு வேணாம், கொயினா குடுங்கன்னு தவுக்கே எனக்காகக் கேட்டாரு. இதப் போல வேற இருந்தா அஞ்சு மாத்திர, இது ஒண்ணே ஒண்ணுதான்னா நாப்பதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மிச்சம் பதினொண்ணையும் நெகட்டிவையும் அவரு கண்ணு முன்னால அழிக்கணுமாம். வீட்டுக்கு வந்து சொன்னா டொரத்தி ஒரே அழுக, ஒண்ண ஜெபப் புத்தகத்துல ஒளிச்சி வையுங்கம்மாங்கறா. ஒளிச்சும் வச்சேன். ரயில் ஏறப் போறப்பதான் மனசு கேக்கல, நாளைக்கு எவன் கண்ணுலயாச்சும் பட்டா நமக்காக வாக்குக் குடுத்த தவுக்கே தலதானே போவும். திரும்பி வந்து அதையும் எடுத்துக்கிட்டுப் போனேன். பதினொண்ணயும் நானே கிழிச்சேன், நெகட்டிவ நானே கத்திரியால நறுக்கினேன். கடைய விட்டு வெளிய வந்தப்புறம்தான் ரோட்டோரமா உக்காந்துட்டேன்.

மாத்திர நாப்பதும் அங்க திரும்பி வர்ற மணியம் மாமா கையில இந்தக் கடுதாசியோட வருது, புதுச் சட்ட மடிப்புல வச்சி தச்சிருக்கேன், பிரிச்சி எண்ணிப் பாத்துக்க. மாமா சொன்ன கணக்குப்படி சாப்புடு. கூட இருக்கிறவனுக்கு காய்ச்சல்னா குடுக்காம இருக்க மாட்ட, எனக்குத் தெரியும், குடு, ஆனா உனக்குன்னு பாதி எடுத்து வச்சிக்கிட்டு குடு. அம்மா படத்த வித்துட்டாளேன்னு கோச்சிக்காதய்யா.

நேத்து எனக்கும் டொரத்திக்கும் சண்ட. நீ சிரிச்சா எடது கன்னத்துல குழி விழும்னு நான் சொல்றேன், இல்ல வலதுதான்னு அவ நிக்கிறா. எடுத்துப் பாத்துக்க வீட்டுல ஒண்ணும் இல்ல. நீ வந்துதான் தீத்து வைக்கணும், சீக்கிரம் வாடா.

மாதா உன்ன கை விடமாட்டா. ராவுல கொசுவுக்கு போத்திக்கிட்டுப் படு.

உன் வழியப் பாத்துக்கிட்டிருக்கிற
அம்மா செசிலியா